நிஜாமுத்தீன் அவுலியாவுக்குப் பிள்ளையே இல்லை, அப்புறம் "வாரிசு" எப்படி?

டெல்லிவாசி07 எழுதியது:

வேலைக்காக டெல்லி வந்து ரெண்டு வருஷம் ஆகிறது. போன வியாழக்கிழமை சாயங்காலம்தான் ஸூஃபி ஞானி நிஜாமுத்தீன் அவுலியாவின் தர்காவுக்கு முதல்முறையாகப் போனேன். சந்து உள்ளே போகப் போகக் குறுகிக்கொண்டே வருகிறது. ரெண்டு பக்கமும் ரோஜா இதழ்த் தட்டு வைத்திருப்பவர்கள் "செருப்பை இங்கேயே விடுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் அவசரப்பட்டு முதல் கடையிலேயே விட்டுவிட்டு, மீதித் தூரம் ஈரத் தரையில் வெறுங்காலோடு நடந்தேன். உள்ளே முதலில் அமீர் குஸ்ரோ அடக்கத்தலம். சீடரைப் பார்த்துவிட்டுத்தான் குருவிடம் போகணுமாம். கவ்வாலி ஆரம்பித்ததும் எழுந்துவர மனசே இல்லை.

சந்தேகத்துக்கு வருகிறேன். பூக்காரப் பெரியவர் முற்றத்தில் இருந்த சிலரைக் காட்டி, "பீர்சாதாக்கள், ஹஸரத்தின் குடும்பம்" என்றார். ரூமுக்கு வந்து படித்தால், நிஜாமுத்தீன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று போட்டிருக்கிறது. அப்புறம் குடும்பம் எங்கிருந்து வந்தது? இது போக "சில்சிலா" என்று ஒரு நீளப் பட்டியல் வேறு. அது வம்சாவளியா, குருபரம்பரையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆமினா_டீச்சர் எழுதியது:

தம்பி, இரண்டும் வேறு வேறு. ரத்தத்தில் வருவது நஸப். குருவான ஷெய்கின் கையைப் பிடித்து பைஅத் (சீட உறுதிமொழி) வாங்கி வருவது ஸில்ஸிலா. அந்தச் சொல்லுக்குச் சங்கிலி என்றே பொருள்.

எங்கள் வீட்டில் பாட்டனார் காலத்து ஷஜரா (ஸில்ஸிலாப் பெயர்ப் பட்டியல்) தாள் ஒன்று இருக்கிறது. நாங்கள் காதிரிய்யா தரீக்கா (ஸூஃபி வழி). அரபுத்தமிழில் (அரபு எழுத்தில் தமிழ்) கையால் எழுதியது. மடிப்பு விட்டுப்போன இடத்திலெல்லாம் உம்மா மெல்லிய வெள்ளைத் துணியைக் கஞ்சிப்பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறார். மஃரிப் தொழுகைக்குப் பிறகு பாட்டனார் ஒவ்வொரு பெயராக வாசித்து ஃபாத்திஹா ஓதுவார். அவர் பெயர்தான் கடைசி வரி. அதற்குக் கீழே நாலு விரல்கடை காலி இடம்.

நிஜாமுத்தீன் ஷெய்கு சிஷ்திய்யா தரீக்கா. அவருடைய ஷெய்கு பாபா ஃபரீதுத்தீன் கஞ்ச்ஷகர், அடக்கம் அஜோதனில், அதுதான் இன்றைய பாகிஸ்தானின் பாக்பட்டன். அவருக்கு மேலே குத்புத்தீன் பக்தியார் காக்கி, டெல்லி மெஹ்ரோலியில். அவருக்கு மேலே அஜ்மீர் முயீனுத்தீன் சிஷ்தி, அவருக்கு மேலே உஸ்மான் ஹாரூனி. இப்படியே ஏறினால் ஹெராத்துக்குக் கிழக்கே சிஷ்த் என்ற ஊருக்குப் போகும். சிரியாவிலிருந்து அங்கே வந்த அபூ இஸ்ஹாக் ஷாமிதான் அந்த ஊர்ப் பெயர் வருவதற்குத் தொடக்கம். இன்னும் மேலே இப்ராஹீம் இப்னு அத்ஹம், ஹஸன் பஸரி, அலி (ரலி), பிறகு நபிகள் நாயகம் (ஸல்).

தர்காவில் இருக்கும் குடும்பங்கள் ஷெய்குடைய பிள்ளைகளின் வழி அல்ல. அவருடைய சகோதரி வழி ஒன்று. இன்னொன்று பாபா ஃபரீதின் மகள் வழி. அந்த மகள் பீபி ஃபாத்திமாவின் கணவர் பத்ருத்தீன் இஸ்ஹாக் இறந்த பிறகு, அவரையும் இரண்டு மகன்களையும் நிஜாமுத்தீன் டெல்லிக்கு வரவழைத்து வளர்த்தார். குருவின் பேரன்களை. பூக்காரப் பெரியவர் சொன்னது தப்பில்லை.

கல்வெட்டுப்பித்தன் எழுதியது:

டீச்சர் சொன்னது மரபு. அந்தச் சங்கிலியில் எங்கெங்கே இடைவெளி இருக்கிறது என்றும் சொல்லிவிடுவோம்.

அலி (ரலி) 661இல் கூஃபாவில் கொல்லப்பட்டார். ஹஸன் பஸரி பிறந்தது 642 வாக்கில். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. இருவரும் சந்தித்தார்களா, ஆன்மிகப் பயிற்சி கைமாறியதா என்பது பழைய வழக்கு. 18ஆம் நூற்றாண்டில் டெல்லியிலேயே ஷா வலியுல்லாஹ் இதைக் கேள்வி கேட்டார். சிஷ்தி ஷெய்கு ஃபக்ருத்தீன் அதற்கு மறுப்பாக ஒரு நூலே எழுதினார்.

அடுத்தது நூல்கள். கடைகளில் "காஜா முயீனுத்தீன் எழுதியது", "குத்புத்தீன் சொன்னது" என்று விற்கும் பழைய உரைத்தொகுப்புகளை அப்படியே நம்பாதீர்கள். 1950இல் அலிகர் பேராசிரியர் முஹம்மது ஹபீப் ஒவ்வொன்றாக எடுத்து, வருடம் இடிக்கிறது, ஆள் இடிக்கிறது என்று காட்டி, போலி என்றே முடிவு சொன்னார். அதைவிடப் பெரிய சாட்சி நிஜாமுத்தீனே. "நான் எந்த நூலும் எழுதவில்லை. என் ஷெய்குகளும் எழுதியதில்லை" என்று அவர் சொன்னதாக அவருடைய கலீஃபா (சீடர் சேர்க்க அனுமதி பெற்ற வாரிசு) நஸீருத்தீன் சொல்லியிருக்கிறார்.

நம்பத்தகுந்தது ஃபவாயிதுல் ஃபுஆத். கவிஞர் அமீர் ஹஸன் ஸிஜ்ஸி 1308 முதல் 1322 வரை ஷெய்கின் சபையில் இருந்து, கேட்டதை வீட்டுக்குப் போய் எழுதினார், மொத்தம் 188 அமர்வுகள். அதில் முயீனுத்தீன் சிஷ்தியைப் பற்றி விரிவாக எதுவுமே இல்லை! அஜ்மீர் காஜாவைப் பற்றி நாம் கேட்டு வளர்ந்த கதைகளில் பெரும்பாலானவை பின்னால் சேர்ந்தவை.

குறும்பு_கோபால் எழுதியது:

விக்கிப்பீடியா பார்த்தேன். குத்புத்தீன் இறந்தது 1235 நவம்பர். அவருடைய குரு முயீனுத்தீன் இறந்தது 1236 மார்ச். சீடர் முதலில் போய்விட்டால் சங்கிலி ரிவர்ஸில் ஓடுமா?

சுவடிவாசகன் எழுதியது:

கோபால், கிண்டலாகக் கேட்டாலும் நல்ல கேள்வி. கைமாறுவது குருவின் சாவுக்குக் காத்திருப்பதில்லை. ஃபரீதும் நிஜாமுத்தீனும்கூடத் தங்கள் குருவின் கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லை. குத்புத்தீன் ஒரு ஸமா (இசை கேட்கும்) சபையில், இணங்கித் தலை கொடுத்தவர்க்கு மறைவிலிருந்து நொடிக்கொரு புது உயிர் வருகிறது என்ற பாரசீக ஈரடியைக் கேட்டு நினைவு தப்பியவர். நாலு நாள் அப்படியே கிடந்து போய்ச் சேர்ந்தார். அப்போது ஃபரீத் ஹான்ஸியில். ஃபரீத் 1265 அக்டோபரில் அஜோதனில் இறந்தபோது நிஜாமுத்தீன் டெல்லியில். "நிஜாமுத்தீன் எங்கே?" என்று கேட்டுவிட்டு, "என் ஷெய்கு போனபோது நானும் அங்கே இல்லை" என்று தன்னைத்தானே ஆற்றிக்கொண்டாராம்.

அஜோதனில் பிள்ளைகள் இருந்தார்கள், மருமகன் இருந்தார். ஆனால் ஃபரீதின் கிர்காவும் (ஸூஃபி அங்கி) கைத்தடியும் டெல்லிக்குத்தான் வந்து சேர்ந்தன. டெல்லிவாசியின் கேள்விக்கு என் பதில் இதுதான். சொந்தப் பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போதே சீடருக்குப் போன சொத்து அது.

கைமாறியது வெறும் துணியும் தடியும் இல்லை. நிஜாமுத்தீன் இருபது வயது வாக்கில் அஜோதன் போனவர். ஃபரீதின் கான்காவில் (ஸூஃபி மடம்) பரம வறுமை. ஆளுக்கொரு வேலை, ஒருவர் காட்டுக்காய் பறித்து வருவார், ஒருவர் விறகு, நிஜாமுத்தீன் சமையல். ஒரு நாள் காய் வெந்துவிட்டது, உப்பு இல்லை. கடைக்காரரிடம் கடனுக்கு வாங்கிப் போட்டார். ஃபரீத் ஒரு கவளம் எடுத்தவர், கை கனக்கிறது என்று திரும்ப வைத்துவிட்டார். உப்பு எப்படி வந்தது என்று கேட்டு, "நாக்கு ருசிக்காகக் கடன்படுவதைவிடத் துறவி பட்டினியில் சாகலாம்" என்று பாத்திரத்தை எடுக்கச் சொல்லிவிட்டார்.

டெல்லிக்குத் திரும்பும்போது ஃபரீத், பட்ட கடனை அடை என்று சொல்லி அனுப்பினார். துணிக்காரருக்கு 20 ஜீத்தல் (சில்லறைக் காசு) பாக்கி. பத்துதான் சேர்ந்தது. கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் மீதியை விட்டுவிட்டார். இன்னொருவரிடம் இரவல் வாங்கிய புத்தகம் தொலைந்திருந்தது, பிரதி எழுதிக் கொடுக்கிறேன் என்று போய் நின்றார். அவரும் புத்தகத்தை உனக்கே தந்தேன் என்றார். இதை ஃபவாயிதில் ஷெய்கே சொல்கிறார். எனக்கு இந்த 20 ஜீத்தல் கணக்குத்தான் எந்தக் கராமத்தையும், அற்புதத்தையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

நேர்வழி_நாடி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். கப்ரின் மேல் கட்டடம் எழுப்புவதை ஹதீஸ் தடுக்கிறது. ஷெய்கு, முரீத் (சீடர்), சங்கிலி என்பதெல்லாம் மார்க்கத்தில் உள்ளதா? நல்ல மனிதராக இருந்திருக்கலாம், அதற்காகக் கந்தூரியும் பூவுமா?

ஆமினா_டீச்சர் எழுதியது:

வ அலைக்குமுஸ்ஸலாம். தம்பி, தரீக்கா விவாதம் நம்ம ஊரில் நூறு வருஷமாக நடக்கிறது, இந்த ஒரு இழையில் முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். நிஜாமுத்தீன் தனக்கு மேல் கட்டடம் கேட்கவில்லை. திறந்த வெளியில்தான் அடக்கம் செய்யச் சொன்னார், அப்படித்தான் செய்தார்கள். குவிமாடம் எழுப்பியது சுல்தான் முஹம்மது பின் துக்ளக். இன்று நாம் பார்ப்பது அதுவும் இல்லை, 1562-63இல் ஃபரீதூன் கான் கட்டியது. பக்கத்தில் ஷாஜஹானின் மகள் ஜஹானாரா இருக்கிறார், மேலே கூரை கிடையாது, புல்தான். நீங்கள் கேட்கும் கேள்வியை அந்த முற்றமே தனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இசைக்காகவும் அவரை விசாரித்தார்கள். கியாசுத்தீன் துக்ளக் காலத்தில் உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) கூடிய சபையில் ஸமாவுக்கு ஆதரவாக அவர் ஹதீஸ் சொன்னார். "ஹதீஸ் வேண்டாம், சட்ட இமாம் அபூ ஹனீஃபா என்ன சொன்னார் அதைச் சொல்லும்" என்று மறுத்தார்கள். அதுதான் அவரை மிகவும் வருத்தியது.

வைகைக்கரை எழுதியது:

எல்லாரும் உருகுகிறீர்கள். நான் மதுரைக்காரன். 1311இல் மாலிக் காஃபூர் படை நம்ம பக்கம் வந்து கோயில்களைக் கொள்ளையடித்ததைப் பூரிப்போடு எழுதி வைத்தவர் யார்? இதே அமீர் குஸ்ரோ. பாரசீகத்தில் அலங்காரம் அலங்காரமாக. குருவின் அன்பு எல்லாம் சீடரின் பேனாவுக்கு வரவில்லையே?

கல்வெட்டுப்பித்தன் எழுதியது:

வைகைக்கரை சொல்வது உண்மை, மழுப்ப வேண்டியதில்லை. குஸ்ரோ அரசவைக் கவிஞர், சம்பளம் சுல்தானிடம், மனசு ஷெய்கிடம். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்தன. வாரங்கல் படையிடமிருந்து சேதி வராமல் அலாவுதீன் கில்ஜி கவலைப்பட்டு ஷெய்கிடம் ஆள் அனுப்பியதையும், வெற்றி வரும் என்று அவர் நல்வாக்குச் சொன்னதையும் வரலாற்றாசிரியர் பரணி எழுதியிருக்கிறார். பரணி ஷெய்கின் முரீத், அதே முற்றத்தில் அடக்கமானவர். அரசியலே அவரைத் தொடவில்லை என்று சொன்னால் அது பொய்.

ஆனால் அதே குஸ்ரோ நூலில் நமக்கு வேண்டிய ஒரு வரி இருக்கிறது. வீர பாண்டியனின் படையோடு இருந்த முஸ்லிம்களைப் பற்றிச் சொல்கிறார். பாதி இந்துக்கள் மாதிரி இருந்தார்கள், ஆனால் கலிமா சொல்லத் தெரிந்ததால் உயிரோடு விடப்பட்டார்கள் என்று. டெல்லிப் படை வருவதற்கு முன்பே தமிழ் மண்ணில் முஸ்லிம்கள் பாண்டியன் குடிகளாக இருந்ததற்கு டெல்லிக்காரரே கொடுத்த சாட்சி அது.

குறும்பு_கோபால் எழுதியது:

அப்போ "டெல்லி இன்னும் தூரம்" கதை? கியாசுத்தீன் துக்ளக் திரும்பி வரும்போது ஷெய்கு அப்படிச் சொன்னாராம், அவரும் டெல்லி சேராமலே இறந்தாராமே.

சுவடிவாசகன் எழுதியது:

பரணியிடம் அது கிடையாது. சொந்த ஷெய்கின் கராமத்தை முரீதே விட்டுவிடுவாரா? மனக்கசப்பு இருந்தது உண்மை. முந்தின சுல்தான் குஸ்ரோ கான் (கவிஞர் வேறு, இவர் வேறு) கொடுத்த ஐந்து லட்சம் தங்கா நாணயத்தைத் திருப்பிக் கேட்டார் கியாசுத்தீன். வந்த அன்றே ஏழைகளுக்குப் போய்விட்டது என்று பதில் வந்தது. 1325இல் வங்காளத்திலிருந்து திரும்பிய கியாசுத்தீன், அஃப்கான்பூரில் வரவேற்புக்காகப் போட்ட மரமண்டபம் சரிந்து இறந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 3 ஷெய்கும் போனார். இரண்டு சாவும் இவ்வளவு நெருங்கி வந்தால், நடுவில் ஒரு வசனம் தானாக முளைக்கத்தான் செய்யும்.

எனக்குப் பிடித்தது வேறு வசனம். அலாவுதீன் கில்ஜி பார்க்க வருகிறார் என்றபோது, "என் வீட்டுக்கு இரண்டு கதவு. அவர் ஒன்றில் வந்தால் நான் இன்னொன்றில் போய்விடுவேன்." அந்த வீட்டில் லங்கர் (இலவசச் சாப்பாடு) ஓயாமல் நடந்தது. அவரோ பெரும்பாலும் நோன்பு. விடியுமுன் ஸஹருக்குக் கொண்டுவந்து வைப்பதைத் தொடாமல் தள்ளுவார். "பள்ளிவாசல் மூலையிலும் கடைத் திண்ணையிலும் எத்தனை பேர் பட்டினியாகத் தூங்குகிறார்கள், இது எப்படித் தொண்டையில் இறங்கும்?" என்பாராம்.

டெல்லிவாசி07 எழுதியது:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. நிஜாமுத்தீனுக்குப் பிறகு சங்கிலி யாரிடம் போனது?

சுவடிவாசகன் எழுதியது:

ஒரு ஆளிடம் போகவில்லை, கிளை கிளையாகப் போனது. கலீஃபா ஆக்குவதில் அவர் கண்டிப்பானவர். வங்காளத்துக்குப் போன அகீ ஸிராஜுக்கு முதலில் மறுத்துவிட்டார், படிப்பு இல்லை என்று. ஃபக்ருத்தீன் ஸர்ராதி ஆறு மாதத்தில் படிக்க வைக்கிறேன் என்று ஏற்று, படிக்க வைத்த பிறகுதான் கிலாஃபத் (கலீஃபா தகுதி). புர்ஹானுத்தீன் கரீப் தக்காணம் போனார், குல்தாபாதில் அடக்கம். அமீர் ஹஸன் ஸிஜ்ஸியும் அங்கேதான்.

டெல்லியில் நின்றவர் நஸீருத்தீன், சிராக் டெல்லி என்று அழைக்கப்படுபவர். அவர் ஊர் அவத். கூட்டம் தாங்க முடியவில்லை, காட்டில் போய் இருக்கட்டுமா என்று அனுமதி கேட்டார். "ஊருக்குள்ளேயே இரு, ஜனங்களின் அடியையும் ஏச்சையும் தாங்கு" என்று பதில். நிஜமாகவே தாங்கினார். ஒரு கலந்தர் (நாடோடித் துறவி) கத்தியால் பல இடத்தில் குத்தியும், அவனைத் தொடாதே என்று சொல்லிப் பணம் கொடுத்து அனுப்பினார்.

1356இல் அவர் கடைசிப் படுக்கையில் இருந்தபோது, அடுத்து யார் என்று தகுதியானவர்களின் பட்டியலை நீட்டினார்கள். பார்த்துவிட்டு, அவரவர் சுமையை அவரவர் சுமக்கட்டும், இவர்கள் அடுத்தவர் சுமையை எங்கே தூக்கப்போகிறார்கள் என்றார். ஃபரீதிடமிருந்து வந்த கிர்காவை நெஞ்சின் மேல் வைத்து, தடியைப் பக்கத்தில், தஸ்பீஹை விரலில், மரக் கிண்ணத்தைத் தலைக்குக் கீழே, மரச் செருப்பை அருகில் வைத்துப் புதைக்கச் சொல்லிவிட்டார். கைமாறிக் கைமாறி வந்தது டெல்லி மண்ணோடு நின்றது.

பொருள்தான் நின்றது. அவருடைய சீடர் கேசுதராஸ் 1398இல் தைமூர் வருகிறான் என்று டெல்லியை விட்டுக் கிளம்பி, கடைசியில் குல்பர்கா சேர்ந்து, 1422இல் அங்கே அடக்கமானார். நூறு வயதைத் தொட்டவர். கிர்கா இல்லாமலே பரம்பரை நடந்துகொண்டுதான் இருந்தது. (நாகூரைக் கேட்டு யாராவது வருவீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஷாஹுல் ஹமீது பாதுஷாவின் ஷெய்கு குவாலியர் முஹம்மது கவ்ஸ், ஷத்தாரிய்யா. அது தனிச் சங்கிலி.)

ஆமினா_டீச்சர் எழுதியது:

எல்லாரும் ஷெய்குகளைப் பற்றியே எழுதிவிட்டீர்கள். நிஜாமுத்தீனின் உம்மாவை யாரும் சொல்லவில்லை.

பீபி ஜுலைகா. பதாயூனில் கணவர் இறந்தபோது பையன் ஐந்து வயது வாக்கில். வீட்டில் சமைக்க ஒன்றும் இல்லாத நாளில், "இன்றைக்கு நாம் அல்லாஹ்வின் விருந்தாளிகள்" என்பார். பையனுக்கு அந்தச் சொல் அவ்வளவு பிடித்துப்போய், யாரோ ஒருமுறை தானியம் கொண்டுவந்து கொடுத்து வீட்டில் தொடர்ந்து ரொட்டி இருந்தபோது, உம்மா அதை எப்போது மறுபடி சொல்வார் என்று காத்துக்கிடந்தானாம். டெல்லிக்கு வந்த பிறகும் ஒவ்வொரு பிறையின்போதும் அவர் காலில் தலை வைத்து வாழ்த்து வாங்குவான். ஒரு பிறையன்று, "அடுத்த மாதம் யார் காலில் தலை வைப்பாய்?" என்றார். பையன் அழுதுகொண்டே, "என்னை யாரிடம் விட்டுப்போகிறீர்கள்?" என்று கேட்டான். காலையில் சொல்கிறேன் என்றார். விடிந்ததும் அவன் வலது கையைப் பிடித்து, "யா அல்லாஹ், இவனை உன்னிடம் ஒப்படைத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கையைப் பிடித்து ஒப்படைப்பதற்குத்தானே பைஅத் என்று பெயர்? ஷஜராவில் அவர் பெயர் கிடையாது. பாபா ஃபரீத் தன் மகள் பீபி ஷரீஃபாவைப் பற்றி, பெண்ணுக்குக் கிலாஃபத் கொடுக்க வழி இருந்தால் இவளுக்குத்தான் கொடுப்பேன் என்றார். கொடுக்கவில்லை. "காட்டிலிருந்து சிங்கம் வந்தால் ஆணா பெண்ணா என்று யாரும் கேட்பதில்லை" என்று பீபி ஃபாத்திமா ஸாம் என்ற பெண் ஞானியைப் பற்றிச் சொன்னவர் நிஜாமுத்தீன். அவர் பட்டியலிலும் பெண் பெயர் ஏறவில்லை. மரபை நான் குறை சொல்லவில்லை, எனக்கு இது உறுத்துகிறது, அவ்வளவுதான்.

டெல்லிவாசி07 எழுதியது:

டீச்சர், நேற்று லீவு. முதலில் சிராக் டெல்லி போனேன். மெட்ரோ ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர், இத்தனை நாள் அறிவிப்பைக் கேட்டும் யார் என்று தெரியாது. நான் போன நேரத்தில் உள்ளே பத்துப் பேர்கூட இல்லை.

அங்கிருந்து ஆட்டோ பிடித்து அத்சினி. பீபி ஜுலைகா அடக்கத்தலம் "மாயி சாஹிபா" என்றால்தான் அந்தப் பக்கம் தெரிகிறது. அதிகமும் பெண்கள்தான். ஒரு அம்மா தூங்குகிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு என்ன ஓதணும் என்று தெரியவில்லை. நீங்கள் சொன்ன "இன்றைக்கு நாம் விருந்தாளிகள்" மட்டும் மனசில் ஓடியது. வெளியே வரும்போது வாசலில் ஒருவர் கையில் ரெண்டு ரொட்டி வைத்துக் கொடுத்தார், வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

ஒரு கேள்வி. உங்கள் பாட்டனார் தாளில் கடைசி வரிக்குக் கீழே காலி இடம் என்று சொன்னீர்களே, அதில் யாராவது எழுதினார்களா?

ஆமினா_டீச்சர் எழுதியது:

இல்லை தம்பி. வாப்பா பைஅத் வாங்கவில்லை. உம்மாவிடம் இன்று கேட்டேன், துணி ஒட்டும்போது அந்த இடத்தை மட்டும் ஒட்டாமல் விட்டிருக்கிறார். பசை பட்டால் மை நிற்காதாம்.